இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மேற்கொண்டு படிக்கிறவர்கள் என்னை வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஜோடி சேர்க்கும் மேஜையில் பல வருஷமாக நிற்கிறவள் நான். தைத்து வரும் இடதுகால் மேல்தோலையும் வலதுகால் மேல்தோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம் ஒத்துப்போகிறதா, தோலின் வரி ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஜோடி கட்டுவது என் வேலை. அந்த வேலையில் இருக்கிறவளுக்கு இல்லாததைப் பார்க்கிற பழக்கம் வராது. ஆனாலும் எங்கள் முன்னறையில் நின்றிருந்த ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காணாமலே போனாள். அதற்கு நான் சாட்சி.

அவள் ஒரு இசைத்தட்டில் இருந்தாள். அதை எங்களுக்குக் கொடுத்தவர் ஒரு இத்தாலிக்காரர்.

என் வீட்டுக்காரர் டேனரியில் எலெக்ட்ரீஷியன். டேனரி என்றால் தோல் பதனிடுகிற இடம். ஒரு வீடு அளவுக்கு மர டிரம்கள் நாள் முழுக்க உருண்டுகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல் அங்கே அவருக்கு மட்டும்தான் இருந்தது. டிரம்மை நிறுத்தச் சொல்லி அவர் ஒரு குரல் கொடுத்தால் வாசலில் இருக்கிற வாட்ச்மேன்கூடத் திரும்பிப் பார்ப்பார். தோலுக்கு மெருகேற்றும் வேலையைச் சொல்லிக்கொடுக்க அந்த இத்தாலிக்காரர் வந்து கெஸ்ட் ஹவுஸில் இரண்டு வருஷம் தங்கியிருந்தார். அவர் அறையில் கீசர் கெட்டால், ஃபேன் நின்றால், இவர்தான் போவார். போன இடத்தில் அந்த மனுஷன் பாட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார், இவரும் ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்டுவிட்டு வருவார். அவர் ஊருக்குத் திரும்பும்போது தட்டுகளையெல்லாம் பெட்டியில் அடுக்கிக்கொண்டார். ஒன்றை மட்டும் எடுத்து, ரெக்கார்ட் பிளேயர், ஆம்ப்ளிஃபயர், சின்ன ஸ்பீக்கர் இரண்டு எல்லாவற்றோடும் சேர்த்து இவரிடம் கொடுத்துவிட்டார். ஏன் இதை மட்டும் விட்டுப் போகிறீர்கள் என்று இவர் கேட்டிருக்கிறார். தன் வீட்டில் இதைப் போட முடியாது என்று மட்டும் அவர் சொன்னாராம்.

அட்டை மேல் ஒரு பெண் வெள்ளை கவுனில் பக்கவாட்டில் நிற்பாள். அவளுக்குப் பின்னால் இருட்டில் வரிசையாக ஆட்கள். அவர்கள் முகம் தெரியாது, கையில் இருக்கிற பித்தளை வாத்தியங்கள் மட்டும் மின்னும். பழைய காலத்து ஜாஸ் என்று இவர் சொன்னார். எனக்கு ஜாஸ் என்றால் என்ன தெரியும். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருகிற பேண்ட் செட் தெரியும். அதே டிரம்பெட்தான், ஆனால் இங்கே ஒரு அறைக்குள் பதினாறு பேர் ஒரே நேரத்தில் ஊதி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். நிறுத்தின இடத்தில் அவள் மட்டும் பாடுவாள்.

முதல் தடவை போட்ட நாளில் நான் எழுந்து போய்ச் சுவரில் தொங்கின காலண்டரைத் தொட்டுப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். இடது ஸ்பீக்கரில் டிரம்பெட் வந்தது, வலது ஸ்பீக்கரில் சாக்ஸபோன் வந்தது. அவள் குரல் இரண்டிலும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே, காலண்டர் தொங்குகிற இடத்தில், ஒரு ஆள் உயரத்தில் வந்தது. அங்கே ஸ்பீக்கரும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் சுவர்.

"ரெண்டு பக்கமும் சமமா வருது இல்ல, அதான் நடுவுல நிக்கற மாதிரி தெரியுது," என்றார் இவர். "ஒரு பக்கம் ஜாஸ்தி பண்ணா அந்தப் பக்கம் போய்டுவா."

"அப்ப உங்க பக்கம் ஜாஸ்தி பண்ணிக்கங்க. எனக்கு எதுக்கு சக்களத்தி."

அன்றிலிருந்து அவள் பெயர் சக்களத்திதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து, பிரியாணி சாப்பிட்டு, இவர் நாற்காலியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு அவளை வரவழைப்பார். மகள் சென்னையில் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இவருக்கு இங்கிலீஷ் வார்த்தை வாயில் நுழையாது. தரரா தரரா என்று அவளோடு சேர்ந்து பாடுவார். டிரம் ஓடாத வீட்டுக்குள் அந்தக் குரல் ரொம்பப் பெரிசு. பக்கத்து பாய் வீட்டில் கேட்குமே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். அதட்டுவேன், அவர் இன்னும் சத்தமாகப் பாடுவார். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள், அவள் கொஞ்சம் தள்ளி நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. மேஜையில் ஆயிரம் தடவை பார்த்துப் பழகின கண். ஒரு நூல் அளவு நிறம் மாறினாலும் உறுத்தும். காதும் அப்படித்தான் ஆகியிருந்தது போல. முன்னால் நின்று பாடினவள் இப்போது பேண்டுக்காரர்களுக்கு நடுவில் நின்று பாடினாள். அடுத்த மாதம் அவர்களுக்குப் பின்னால். இவரிடம் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அதே மாதங்களில் இவர் குரலும் கம்மிப்போக ஆரம்பித்திருந்தது.

முதலில் சளி என்றார். பிறகு டேனரி கெமிக்கல் என்றார். ஞாயிற்றுக்கிழமை பாடும்போது மேலே போக வேண்டிய இடத்தில் குரல் பிசிறும். கனைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார். நான் அடுப்படியில் நின்று இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் ஒரு அடி பின்னால் போனால் இவர் குரலும் ஒரு அடி உள்ளே போனது. இதை வாயைத் திறந்து சொன்னால் நிஜமாகிவிடும் என்று எனக்குப் பயம். பேய் நம்பிக்கை இல்லாதவளுக்கு இந்த நம்பிக்கை மட்டும் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு மூன்று மாதம் முன்னாலேயே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அது என் தப்பு, அதை யார் மேலும் போட மாட்டேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊசியை வைத்தார். பேண்ட் ஆரம்பித்தது. டிரம்பெட்டுகள் ஏறி வந்து நின்றன, அவள் பாட வேண்டிய இடம் வந்தது. யாரும் பாடவில்லை.

அவள் அளவுக்கு ஒரு ஓட்டை. பேண்டுக்காரர்கள் அவளுக்காக ஒதுங்கி மெதுவாக வாசிக்கிறார்கள், அவள் ஏதோ கேட்டது போலச் சாக்ஸபோன் பதில் சொல்கிறது, அவள் முடித்தது போல எல்லோரும் சேர்ந்து எழும்புகிறார்கள். கேட்டவள் இல்லை, பதில் மட்டும் வருகிறது. காதைக் கூர்மையாக்கினால் ரொம்ப தூரத்தில், காலித் தொட்டிக்குள்ளிருந்து வருவது போல, ஒரு சொல்லின் வால் கேட்டது. சொல் இல்லை. அது சுவரில் பட்டுத் திரும்பின எதிரொலி மட்டும். வாய் இல்லாமல் எதிரொலி எப்படி வரும்.

இவர் ஊசியைத் தூக்கிப் பார்த்தார், ஊதினார், தட்டைப் பனியன் துணியால் துடைத்தார், மறுபடி வைத்தார். அதேதான்.

"இன்னா, கோச்சிக்கினு போய்ட்டாளா," என்றேன். விளையாட்டாகச் சொல்லத்தான் நினைத்தேன். அப்படி வரவில்லை.

"தட்டுக்கு வயசாய்டுச்சி," என்றார் இவர், அந்தக் கரகரப்பில்.

பேண்டுக்கு வயசாகாமல் அவளுக்கு மட்டும் வயசாகுமா என்று நான் கேட்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். மறுநாள் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டம்மா கேட்டாள்: "இன்னா கா, உங்க வீட்ல கெணத்துக்குள்ள யாரோ பாடற மாதிரி கேக்குது. எதுக்கு அத்த போடறீங்க. மனசுக்கு பேஜாரா இருக்குது."

இவர் நிறுத்தவில்லை. வாரம் ஒரு தடவை போட்டது, தினம் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் என்று ஆனது. அவளோடு சேர்ந்து பாடுவதை மட்டும் விட்டுவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஓட்டையைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஊசி வைக்கிற சத்தம் கேட்டதும் நான் எழுந்து போய்விடுவேன். அடுப்படி, கொல்லைப்பக்கம், கடை, எங்கேயாவது.

வேலூர் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்து அனுப்பினார்கள். எவ்வளவு நாளாகக் குரல் இப்படி என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். எனக்கு நாள் கணக்கு தெரியவில்லை. எங்கள் வீட்டில் பாடுகிறவள் எப்போது பின்னால் போக ஆரம்பித்தாளோ அப்போதிலிருந்து என்றுதான் மனசில் வந்தது. ஏழெட்டு மாசம் இருக்கும் சார் என்றேன். அவர் பொறுமையான மனுஷர். படம் வரைந்து காட்டினார். குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஒரு துளை வைப்போம், அது வழியாக மூச்சு விடலாம், இப்போது செய்தால் உயிருக்குப் பயமில்லை என்றார்.

"பேச்சு?" என்றார் இவர்.

"பழைய குரல் வராதுங்க. மிஷின் வச்சுப் பேசப் பழகலாம், வேற வழிகளும் இருக்கு. சொல்லிக்கொடுப்பாங்க. ஆனா ரெண்டு வாரத்துக்குள்ள முடிவு சொல்லுங்க. தள்ளிப்போட்டா நான் எதுவும் உறுதியாச் சொல்ல முடியாது."

பஸ்ஸில் வேலூரிலிருந்து ஆம்பூர் வரை இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, தட்டைப் போட்டார். பேண்ட் எழுந்து நின்று ஒதுங்கி வழிவிட்டது. இவர் காலண்டரைக் காட்டினார்.

"இத்த கேளு. எல்லாரும் இருக்கறாங்க. ஒரு ஆள் இல்ல. அவ்ளோதான் நானு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆபரேஷன் வேணாம். இருக்கற வரைக்கும் பேசிக்கினு இருந்துட்டுப் போறேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அந்த எதிரொலிதான் கேட்டது. எழுந்து அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மகள் தினமும் போனில் கெஞ்சினாள். சர்ச்சிலிருந்து வந்து பேசினார்கள். எல்லோருக்கும் அவர் வேண்டாம் என்று ஒரே தலையாட்டல்தான். இரண்டு வாரத்தில் பாதி அப்படியே ஓடிப்போனது. எனக்கு அவர் மேல் கோபம், அதைவிட அவள் மேல் கோபம். இவள் போய்த் தொலைந்ததால்தான் இவரும் போகப் பார்க்கிறார் என்று மனசில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. இவளைத் திரும்பக் கொண்டுவந்தால் இவர் ஒத்துக்கொள்வார் என்று அந்த முடிச்சின் இன்னொரு நுனி. புத்திக்கு அது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது, மனசு கேட்கவில்லை.

அந்த வாரம் எங்கள் கம்பெனியில் தையல் மிஷின் ஒன்று பொசுக்கென்று நின்றது. மெக்கானிக் பேனலைக் கழற்றினார். உள்ளே செம்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் கறுப்பு. எமரித் தாளால் நாலு தேய் தேய்த்தார், மிஷின் ஓடியது.

"இன்னாண்ணா ஆச்சி அதுக்கு," என்றேன்.

"ஆவறதுக்கு இன்னா இருக்குது. இந்த ஊர் காத்து செம்ப துன்னுது. டேனரி காத்துல எந்த ஜாயிண்டும் நிக்காது. உங்க கொலுசப் பாருங்க."

குனிந்து பார்த்தேன். போன மாதம் கடையில் கொடுத்துத் துலக்கின வெள்ளிக் கொலுசு காக்காய்க் கறுப்பில் இருந்தது. எங்கள் வீடு இருப்பது டேனரிக்கு மூன்றாவது தெரு. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஒரு துண்டு எமரித் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு நடந்தேன்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். வீடு வெயிலில் பளிச்சென்று இருந்தது. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாலிருந்து ஸ்பீக்கர்களுக்குப் போகும் வயரைத் தடவிக்கொண்டே போனேன். ஸ்பீக்கருக்கு இரண்டு வயர் என்று மொத்தம் நாலு வயர் போக வேண்டிய இடத்தில் இவர் டேனரியில் மிஞ்சின, உள்ளே மூன்று கம்பி ஓடும் கோர் வயர் ஒன்றைப் போட்டிருந்தார். மோட்டாருக்குப் போடுகிற வயர் அது: இங்கே ஸ்பீக்கருக்குப் போகிறதுக்கு ஆளுக்கு ஒன்று, திரும்பி வருவதற்கு இரண்டுக்கும் சேர்த்து ஒன்று. அதற்குக் காமன் என்று பெயர். அந்தக் காமன் வயரை நடுவில் முறுக்கி டேப் சுற்றியிருந்தார். டேப்பைப் பிரித்தேன். உள்ளே கரித்தூள் மாதிரி கொட்டியது. பளபளப்பு வரும்வரை தேய்த்தேன், முறுக்கினேன், புது டேப் சுற்றினேன், ஊசியை வைத்தேன்.

பேண்ட் வந்து நின்றது. என் முகத்துக்கு நேராக, ஒரு முழ தூரத்தில், அவள் வாயைத் திறந்தாள்.

நான் பின்னால் நகர்ந்ததில் நாற்காலி சாய்ந்துவிட்டது. அத்தனை மாதம் பேச்சுமூச்சு இல்லாமல் இருந்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல, அதே வரியில், அதே இடத்தில். அவள் போகவே இல்லை. நாங்கள் கேட்காத எல்லாச் சாயங்காலத்திலும் அவள் அந்தத் தட்டின் கோட்டுக்குள் முழுசாகப் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், ஆனால் இருக்கவில்லை. யாரோ வீட்டுக்குள்ளேயே நின்று இத்தனை நாள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது போல இருந்தது.

சாயங்காலம் இவர் வந்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்துப் போட்டேன். அவள் முதல் வரி பாடினாள். இவர் முகம் மாறும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். மாறவில்லை. ஒரு பாட்டு முடியும்வரை கேட்டார், ஊசியைத் தூக்கினார்.

"காமன் வயர சொரண்டினியா," என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. முப்பது வருஷ எலெக்ட்ரீஷியன்.

"தெரியுமா உங்களுக்கு?"

"மொத நாளே தெரியும். காமன் போச்சின்னா ரெண்டு ஸ்பீக்கரும் எதிரெதிரா அடிச்சிக்கும். ரெண்டு பக்கமும் சமமா இருக்கறது செத்துப்பூடும். அவ நடுவுல நிக்கறா, அதால அவ போய்ட்டா. ஓரமா இருக்கறவன் தப்பிச்சிக்கினான்."

"தெரிஞ்சி ஏன் சரி பண்ணல?"

நாற்காலியின் கையை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பேசுவதற்கே அவருக்கு வலித்தது, அது கழுத்தில் தெரிந்தது. "மொதல்ல சோம்பேறித்தனம். அப்பறம் தொண்டைல இன்னான்னு எனக்கே தெரிஞ்சிபோச்சி, டாக்டரு சொல்றதுக்கு முன்னாடியே. சரி, நடுவுல ஆள் இல்லாம ஓடுதே, இவ கேக்கறாளா பாக்கலாம்னு உட்டுட்டேன்."

"எவ?"

"நீதான். நான் தட்ட எங்க கேட்டேன். உன்னத்தான் பாத்துக்கினு இருந்தேன். ஒரு நாள்கூட நீ உக்காரல. ஊசி வச்சா எழுந்து ஓடற. தட்டுக்கே இந்த பாடு. நாளைக்கு நான் கழுத்துல ஓட்டையோட வந்து உக்காந்தா?"

நான் அதுவரை அவர் அந்த ஓட்டையைப் பார்த்துப் பயந்துதான் வேண்டாம் என்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்தது என்னைப் பார்த்து. ஒரு நாளும் விடாமல் எழுந்து போய் நானே பதில் சொல்லியிருக்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு வந்த வெட்கத்தை எழுதத் தெரியவில்லை. எனக்கு வெட்கம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"யோவ், வாயத் தொறந்து கேக்கறதுக்கு இன்னாயா உனக்கு? குரல் இருக்கும்போதே கேக்காதவன், அது போய்டும்னு அழுவறியா?"

சொல்லிவிட்டு நானே குனிந்து, மத்தியானம் சுற்றின டேப்பைப் பிய்த்து, அந்த வயரை இழுத்துப் பிரித்துப் போட்டேன். ஊசியை ஆரம்பத்தில் வைத்தேன். அவருக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

பேண்ட் வந்தது. ஒதுங்கியது. யாரும் இல்லாத இடத்துக்கு வழிவிட்டது. தூரத்தில் அந்த எதிரொலி, வாய் இல்லாத வால், வந்து வந்து போனது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, தெருவில் பசங்க பந்து விளையாடுகிற சத்தம் இருந்தது, இருந்தும் என் கை மயிர் சிலிர்த்துக்கொண்டு நின்றது. ஒரு பாட்டு முடிந்தது, இரண்டாவது, மூன்றாவது. போகப்போகப் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. பயம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை, பயத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். இவர் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அந்தப் பக்கம் முழுசும் ஓடி முடிந்து ஊசி வெறும் கோட்டில் சரசரக்கிற வரைக்கும் நாங்கள் அப்படியே இருந்தோம்.

"காலைல வேலூருக்குப் போலாம்," என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவர் பேச்சை போனில் பதிவு பண்ணி வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்தேன். வேண்டாம் என்று கையைத் தள்ளிவிட்டார். "அப்பறம் என்ன உட்டுட்டு அத்தயே கேட்டுக்கினு இருப்ப." மறுநாள் காலையில் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டே கதவு வரை போனேன். அங்கே என்னை நிறுத்திவிட்டார்கள். இவர் தலையைத் திருப்பினார். ஏதோ பெரிசாகச் சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

"வீட்ல கேஸ மூடிட்டு வந்தியா?"

மூடிட்டேன் என்றேன். மூடினேனா என்று எனக்கு ஞாபகமில்லை. அந்தக் குரலில் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அதன் பிறகு வேலூரிலேயே பாகாயத்தில் ஒரு அறை எடுத்து வாரக்கணக்கில் தங்கியிருந்தோம். துளையைச் சுத்தம் பண்ண எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் பிடித்தது, நாலாம் நாள் பல் துலக்குகிற மாதிரி ஆகிவிட்டது. மிஷின் வைத்துப் பேச அவருக்குப் பழக்கினார்கள். அவர் அதை இரண்டு தடவை கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று கையைக் காட்டிவிட்டார். செல்போனில் தட்டித் தட்டிக் காட்டுவார். எழுத்துப் பிழையோடு நிறையத் திட்டுவார்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் அவர் செய்த வேலை அந்த வயரை மாற்றினது. இந்தத் தடவை நாலு வயர் தனித்தனியாக இழுத்து, ஒவ்வொரு முனைக்கும் ஈயம் வைத்து, காற்றுப் போகாமல் பசை தடவி மூடினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டை எடுத்து வைத்தார். என்னைக் கூப்பிடக் கையைத் தட்டினார். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

அவர் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்காரவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், காலண்டருக்கு அடியில், என்னைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கழுத்தில் கட்டியிருந்த துணி மூச்சுக்கு ஏற்றபடி உள்ளே போய் வெளியே வந்தது. பேண்ட் எழும்பி வந்து நின்றது. அவர் வாயைத் திறந்தார்.

அவர் வாயிலிருந்து அந்தப் பெண் பாடினாள்.

ஒரு வார்த்தை பிசகவில்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமை அவளோடு சேர்ந்து பாடினதில் எந்த இடத்தில் வாய் திறக்க வேண்டும், எங்கே மூட வேண்டும் என்று அவருக்கு அவ்வளவும் அத்துப்படி. குரல் சுவரிலிருந்து வரவில்லை, ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. என் வீட்டுக்காரரின் மீசைக்குக் கீழே இருந்து வந்தது. எப்போதோ செத்துப்போயிருக்கக்கூடிய ஏதோ ஒரு தேசத்துப் பெண், என் புருஷன் முகத்தை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, காத்திருக்கிறேன் என்கிற மாதிரி என்னவோ பாடினாள். அலறிவிடுவேன் என்று நினைத்து வாயைப் பொத்தினேன்.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயசைவு தப்பியது, அவள் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டு போனாள். அவர் தோள் குலுங்கியது, வயிறு குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, துளையில் மூச்சு புஸ் புஸ் என்று அடித்தது. முன்பெல்லாம் அந்த ஆள் சிரித்தால் தெருவுக்கே கேட்கும். அதைப் பார்த்து என்னாலும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம், பாட்டு முடிந்தும் நிறுத்த முடியாமல் சிரித்தோம். வீட்டில் என் சிரிப்பு மட்டும்தான் கேட்டது.